தெருவுக்கு வருவதற்கு 56 நாள் முன்பே: இங்கிலாந்தில் வீடிழப்பவர்களுக்கான சட்டம்

லண்டனில் வாடகைக்கு இருக்கும் ஒருவரிடம் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். அடுத்த வீடு கிடைக்கவில்லை. இந்த நிலையில் அவருக்குக் கவுன்சில் (அந்தப் பகுதியின் உள்ளாட்சி மன்றம்) எதைச் செய்தாக வேண்டும், எதைச் செய்யாமல் தட்டிக்கழிக்கலாம் என்பதற்கெல்லாம் அங்கே எழுதப்பட்ட சட்டம் இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம், 7ஆம் பகுதி. அதை 2017இல் வந்த ஒரு சட்டம் நிறையவே மாற்றியது. மசோதாவைக் கொண்டுவந்தவர், தமிழர் பலர் வாழும் ஹாரோ பகுதியின் கிழக்குத் தொகுதி எம்.பி. பாப் பிளாக்மன். 2018 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. ஸ்காட்லாந்து, வேல்ஸ் இரண்டுக்கும் விதிகள் வேறு. இங்கே சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். தெருவில் படுத்தால்தான் வீடற்றவர் என்று சட்டம் சொல்லவில்லை. சட்டப்படி தங்குவதற்கு உரிமையுள்ள இடம் ஒன்று இல்லை என்றாலே போதும். வீடு இருந்தும் அடி உதைக்குப் பயந்து அங்கே இருக்க முடியாத பெண்ணும் வீடற்றவர்தான். நண்பர் வீட்டு சோபாவில் இருந்தவரை நண்பர் கிளம்பச் சொல்லிவிட்டால் அவரும் அப்படியே. இன்னும் 56 நாளுக்குள் வீடு போய்விடும் நிலை இருந்தால், அந்த நாளே கவுன்சிலுக்குப் போகலாம். வீடு போகாமல் தடுக்க முயல்வது கவுன்சிலின் கடமை: வீட்டுக்காரரிடம் பேசுவது, வாடகை பாக்கிக்கு வழி பார்ப்பது, வேறு வீட்டுக்கு முன்பணம் கொடுத்து உதவுவது என்று எதுவாகவும் இருக்கலாம். உங்கள் நிலைமையை விசாரித்து, யார் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு திட்டத்தை எழுத்தில் தர வேண்டும். அப்படியும் வீடு போய்விட்டால், இடம் தேடித்தர உதவும் கடமை இன்னொரு 56 நாளுக்கு.

காரணமே சொல்லாமல் காலி செய்யவைக்கும் 21ஆம் பிரிவு நோட்டீஸ் பல குடும்பங்களை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது. 2025இன் வாடகைதாரர் உரிமைச் சட்டம் அதை 2026 மே 1 முதல் ஒழிக்கிறது. வீட்டை விற்கப் போகிறேன், நானே குடிவரப் போகிறேன் என்றால் இனி வீட்டுக்காரர் காரணத்தைச் சொல்லி நான்கு மாத அவகாசம் தர வேண்டும். ஆனால் காரணத்தோடு அனுப்பினாலும் வீடு போவது போவதுதானே!

நோட்டீஸ் கெடு முடிந்ததும் மரியாதையாகச் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியேறுவது நம் ஆட்கள் பலருடைய வழக்கம். கவுன்சிலிடம் பேசாமல் அப்படிச் செய்யாதீர்கள். நீதிமன்ற உத்தரவு வரும்வரை சட்டப்படி இருந்திருக்கக்கூடிய வீட்டை நீங்களாக விட்டு வந்தீர்கள், ஆகவே 'வேண்டுமென்றே வீடிழந்தவர்' என்று அதிகாரி முடிவெழுத இடமுண்டு. அந்த முத்திரை விழுந்தால் நிரந்தர உதவிக்கான வழி அடைபடும். இன்னொரு பக்கம், “அமீனா வந்து கதவைத் தட்டும் நாளில் வாருங்கள்” என்று கவுன்சிலிலேயே திருப்பி அனுப்புவதும் உண்டு. அது சரியல்ல, அப்படிக் கடைசி நாள்வரை காத்திருக்க வைக்கக் கூடாது என்று அரசின் வழிகாட்டு நெறிமுறையே சொல்கிறது. அதனால் வாய்ப்பேச்சோடு நிறுத்தாமல் மின்னஞ்சலில் விண்ணப்பியுங்கள், பதிலையும் எழுத்தில் கேளுங்கள்.

சரி, எல்லோருக்கும் அன்றிரவே கூரை கிடைக்குமா? கிடைக்காது. சட்டத்தின் இறுக்கமான சல்லடை 'முன்னுரிமைத் தேவை' என்பது. கர்ப்பிணிகள், பிள்ளைகளோடு இருப்பவர்கள், 16, 17 வயதினர், வீட்டு வன்முறையால் வீடிழந்தவர்கள் (2021 முதல்), தீ வெள்ளத்தில் வீட்டை இழந்தவர்கள் இதில் வருவார்கள். முதுமை, மனநோய், உடற்குறை போன்றவற்றால் நலிந்தவர்களும் வருவார்கள், ஆனால் நலிந்தவர் என்பதை நிறுவ வேண்டும். இவர்களில் ஒருவராக இருக்கக்கூடும் என்று நம்ப இடமிருந்தாலே, விசாரணை முடியும்வரை கவுன்சில் தற்காலிகத் தங்குமிடம் தர வேண்டும். முழு ஆதாரத்தோடு வா என்று அந்தக் கட்டத்தில் கேட்க முடியாது.

நலிந்தவரா என்பதை எதை வைத்து அளப்பது? ஏற்கெனவே தெருவில் கிடந்து உடம்பு கெட்ட ஒருவரோடு ஒப்பிட்டு, “அவரைவிட நீங்கள் பரவாயில்லை” என்று கவுன்சில்கள் நிராகரித்துவந்தன. 2015இல் உச்ச நீதிமன்றம் அந்த அளவுகோலை முறித்தது. வீடிழக்க நேரும் ஒரு சாதாரண மனிதரோடுதான் ஒப்பிட வேண்டும் என்றது. எனவே டாக்டரிடம் கடிதம் வாங்கும்போது 'இவருக்குச் சர்க்கரை, மன அழுத்தம்' என்ற ஒற்றை வரி உதவாது. வீடில்லாமல் போனால் இன்சுலினை எங்கே வைப்பார், மருந்து தவறினால் என்ன ஆகும், மற்றவரைவிட இவருக்கு ஏன் பாதிப்பு அதிகம் என்று எழுதித்தரச் சொல்லுங்கள்.

இந்தச் சல்லடையில் விழாமல் போகிறவர், பிள்ளை குட்டி இல்லாத, பெரிய நோய் எதுவும் இல்லாத தனியாள். அவருக்கு ஆலோசனையும் திட்டமும் கிடைக்கும், படுக்கை கிடைக்காது. கடுங்குளிர் இரவுகளில் மட்டும் கவுன்சில்கள் அவசரத் தங்குமிடம் திறக்கும். ஸ்காட்லாந்து 2012 இறுதியில் இந்த முன்னுரிமைப் பாகுபாட்டையே எடுத்துவிட்டது. 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது இங்கிலாந்திலேயே தெருவில் இருந்தவர்களைச் சில நாட்களில் ஹோட்டல்களுக்குக் கொண்டுபோனார்கள். மனம் வைத்தால் முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? ஆனால் இன்று வீடுகளின் தட்டுப்பாடு அப்படி: 2025இல் இங்கிலாந்தில் 1,30,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் தற்காலிகத் தங்குமிடங்களில் இருந்தன. பிள்ளைகளுள்ள குடும்பத்தைப் பொதுக் குளியலறை, சமையலறை கொண்ட தனியார் விடுதியில் ஆறு வாரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்ற விதி 2004 முதல் இருக்கிறது. அது மீறப்படுவதும் சகஜமாகிவிட்டது.

அப்புறம் விசா. பிரிட்டிஷ் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ளவர்கள், அகதி அந்தஸ்து பெற்றவர்கள் பொதுவாகத் தகுதியுள்ளவர்கள். வேலை விசாவிலும் மாணவர் விசாவிலும் வந்தவர்களுக்குப் 'பொது நிதி உதவி கிடையாது' என்ற நிபந்தனை இருக்கும். தெரியாமல் வாங்கினால் விசாவுக்கே சிக்கல். அவர்களுக்கும் கவுன்சிலில் இலவச ஆலோசனை உண்டு. பிள்ளை இருந்தால் 1989ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின் 17ஆம் பிரிவில் சமூக சேவைத் துறையை அணுகலாம்; அது பொது நிதிக் கணக்கில் வராது. ஊரிலிருந்து அம்மா அப்பாவை நிரந்தர விசாவில் அழைத்து, அவர்களைத் தான் பார்த்துக்கொள்வதாகப் பிள்ளை உறுதிமொழி எழுதிக்கொடுத்திருந்தால், ஐந்து ஆண்டு முடியும்வரை பெற்றோருக்கு இந்த உதவி பொதுவாகக் கிடைக்காது. மருமகளோடு ஒத்துப்போகாமல் தனியே நிற்கும் பெற்றோருக்கு இது பேரிடி.

தஞ்சக் கோரிக்கை ஏற்கப்பட்ட நாளில் மகிழ்ச்சியோடு ஒரு கெடுவும் தொடங்குகிறது. அரசு தந்த தங்குமிடத்தைப் பொதுவாக 28 நாளில் விட வேண்டும். 28 நாள் 56 நாளுக்குள் அடக்கம் என்பதால் கடிதம் கையில் கிடைத்த அன்றே கவுன்சிலுக்குப் போகலாம். எந்தக் கவுன்சில் உங்களுக்குப் பொறுப்பு என்பதை 'உள்ளூர்த் தொடர்பு' வைத்துப் பார்ப்பார்கள்; எந்த ஊரில் அரசு தங்கவைத்ததோ அந்த ஊரோடுதான் உங்களுக்கு அந்தத் தொடர்பு என்று கணக்கு. லண்டன் கவுன்சில் உங்களைப் பழைய ஊருக்கே கைமாற்றலாம். மற்றவர்களுக்கு அந்தத் தொடர்பு வேலையாலோ நெருங்கிய சொந்தத்தாலோ வரும், அல்லது கடந்த 12 மாதத்தில் 6 மாதம் அங்கே வசித்திருக்க வேண்டும்.

கடைசியில் கவுன்சில் ஒரு வீட்டைக் காட்டும். பிள்ளையின் பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டிய தூரமாக இருக்கலாம், மாடிப்படி ஏற முடியாததாக இருக்கலாம். கோபத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், கவுன்சிலின் கடமை அத்தோடு முடிந்தது என்று முடிவெழுத வாய்ப்புண்டு. ஏற்றுக்கொண்டு குடிபோய்விட்டே, பொருத்தமில்லை என்று மறுஆய்வும் கேட்கலாம். சட்டம் இரண்டையும் சேர்த்து அனுமதிக்கிறது. முடிவுக் கடிதம் கிடைத்த 21 நாளுக்குள் மறுஆய்வு கேட்க வேண்டும். அதிலும் தோற்றால், சட்டப் பிழை இருந்தால் மாவட்ட நீதிமன்றம்; அதற்கும் 21 நாள்தான். வருமானம் குறைந்தவர்களுக்கு இந்த வழக்குகளில் அரசுச் செலவில் வக்கீல் கிடைப்பார்.