பிரித்துப் பார்த்ததே வினையான கதை

ஒரு மின்னஞ்சல் வருகிறது. நீங்கள் அதைத் திறக்கவில்லை, கணினி முன்னால் உட்காரக்கூட இல்லை, அடுப்படியில் காபி கலந்துகொண்டிருக்கிறீர்கள். அதற்குள் கணினி வேறொருவன் கைக்குப் போய்விட்டது. விண்டோஸோடு சேர்ந்தே வரும் ஆன்டிவைரஸான விண்டோஸ் டிஃபெண்டரில் 2017 மே மாதம் அகப்பட்ட ஓட்டை இதற்கெல்லாம் இடம் கொடுத்தது. உள்ளே விட்டது யார் என்றால், காவலுக்கு வைத்த ஆன்டிவைரஸேதான்.

அதன் வேலையை யோசித்தால் விஷயம் புரியும். கணினிக்குள் எந்தக் கோப்பு வந்து விழுந்தாலும், நீங்கள் தொடுவதற்கு முன்பே அது பிரித்துப் பார்த்தாக வேண்டும். ஜிப், ரார், பிடிஎஃப் என்று வகைக்கு ஒரு நிரல் உள்ளே இருக்கிறது. இணையப் பக்கங்களை இயக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதிய வைரஸ் இன்னும் தொல்லை: தன்னைத் தாறுமாறாகக் குழப்பி எழுதிக்கொள்ளும், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் பிடிபடாது, கொஞ்சம் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். அதற்காக டிஃபெண்டர் என்ஜினுக்குள், அதாவது கோப்புகளைச் சோதிக்கும் மையப் பகுதிக்குள், என்ஸ்கிரிப்ட் என்றொரு குட்டி இன்டர்ப்ரெட்டரை (நிரலைப் படித்து ஓட்டிக் காட்டும் கருவியை) மைக்ரோசாஃப்ட் வைத்திருந்தது. முன்பின் தெரியாத எவனோ எழுதிய நிரலை அது ஓட்டியது சாண்ட்பாக்ஸ், அதாவது மற்றவற்றைத் தொட முடியாதபடி அடைத்து வைக்கும் கூண்டு, எதுவும் இல்லாமல், நிர்வாகிக் கணக்கையும் விஞ்சிய ‘சிஸ்டம்’ அதிகாரத்தோடு. நெருப்பை மடியில் கட்டிக்கொண்டு சோதிப்பது என்றால் இதுதான்.

தவறு என்னவோ சின்னதுதான். ஜாவாஸ்கிரிப்ட்டில் பிழைச்செய்தி ஒன்றை எழுத்தாக மாற்றும்போது, ‘மெசேஜ்’ என்ற இடத்தில் எழுத்துச்சரம் (ஸ்ட்ரிங், எழுத்துகளின் வரிசை)தான் இருக்கும் என்று என்ஜின் நம்பிவிட்டது, சரிபார்க்கவில்லை. அங்கே ஓர் எண்ணை வைத்தால்? என்ஜினின் கணக்கில் எழுத்துச்சரம் என்பது அது இருக்கும் நினைவக முகவரி. ஆக, நாம் கொடுத்த எண்ணையே முகவரியாக எடுத்துக்கொண்டு நேரே அங்கே போய்ப் படிக்கும். எங்கே போக வேண்டும் என்பதைத் தாக்குபவன் சொல்கிறான், என்ஜின் போகிறது. இதை நிரூபித்துக் காட்ட ஒரே ஒரு வரி நிரல் போதுமானதாக இருந்தது. வெறும் எழுத்துக் கோப்புதான் என்று காட்ட, கோப்பின் பெயரில் .டிஎக்ஸ்டி என்று போட்டிருந்தாலும் பயனில்லை, ஏனென்றால் என்ஜின் பெயரைப் பார்ப்பதில்லை, உள்ளடக்கத்தைப் பார்த்துத்தான் வகை பிரிக்கிறது.

கண்டுபிடித்தவர்கள் மென்பொருள் ஓட்டைகளைத் தேடும் கூகுளின் பிராஜெக்ட் ஸீரோ குழுவைச் சேர்ந்த டாவிஸ் ஓர்மாண்டியும் நடாலி சில்வனோவிச்சும். அவர்கள் அறிக்கையில் ஒரு வேடிக்கையான எச்சரிக்கை உண்டு: சோதனைக் கோப்பைத் தரவிறக்கினாலே டிஃபெண்டர் விழுந்துவிடும், விண்டோஸ்காரர்களுக்கு அனுப்பும்போது பார்த்து அனுப்புங்கள். ஓர்மாண்டிக்கு இதில் முன் அனுபவம் இருந்தது. 2016-ல் சைமன்டெக் ஆன்டிவைரஸில் இதேபோல ஓர் ஓட்டையைக் கண்டு, கடவுச்சொல் போட்டுப் பூட்டிய சோதனைக் கோப்பை அந்த நிறுவனத்துக்கே மின்னஞ்சலில் அனுப்பினார். அவர்கள் மெயில் சர்வரே படுத்துவிட்டது! வைரஸ் மாதிரிகளைப் பரிமாறிக்கொள்ள இந்தத் துறையில் எல்லாரும் போடும் வழக்கமான கடவுச்சொல்லை சர்வரே ஊகித்துத் திறந்து பார்த்திருக்க வேண்டும் என்பது அவர் கணிப்பு.

சரி, மைக்ரோசாஃப்ட் என்ன செய்தது? தகவல் போனது ஒரு வார இறுதியில். மே 8, திங்கட்கிழமை, ஓட்டையை அடைக்கும் பேட்ச் வந்துவிட்டது. மறுநாள்தான் வழக்கமான மாதாந்தரப் பேட்ச் நாள், அதற்குக்கூடக் காத்திருக்கவில்லை. பாராட்ட வேண்டிய வேகம்.

இங்கே பலரும் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. “தினமும் அப்டேட் ஆகிறதே” என்று நாம் சொல்வது பெரும்பாலும் வைரஸ் டெஃபனிஷன், அதாவது தேடப்படும் குற்றவாளிகளின் பட்டியல். அந்தப் பட்டியலை எத்தனை முறை புதுப்பித்தாலும், அதை வைத்துத் தேடும் என்ஜினில் இருக்கும் ஓட்டை அப்படியேதான் இருக்கும். என்ஜின் தனி, அதற்குத் தனி வெர்ஷன் எண். 2017 ஓட்டை இருந்த கடைசி என்ஜின் 1.1.13701.0, சரிசெய்தது 1.1.13704.0. டிஃபெண்டரில் இரண்டும் ஒரே வழியாகத் தானாகவே வந்து சேர்வதால் வீட்டுக் கணினிகள் பெரும்பாலும் தப்பித்துவிடும். மாட்டிக்கொள்வது அப்டேட்டை நிறுத்தி வைத்திருக்கும், இணையம் இல்லாத அலுவலகக் கணினிகள்தான். அங்கே பென் டிரைவில் வரும் கோப்பையும் பழைய என்ஜின் விடாமல் பிரித்துப் பார்க்கும்.

டிஃபெண்டரைச் சாண்ட்பாக்ஸுக்குள் ஓட்டும் வசதியை 2018 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதே ஆண்டு ஏப்ரலில் இன்னொரு ஓட்டைக்குப் பேட்ச் போட வேண்டியிருந்தது. இந்த முறை ரார் கோப்பைப் பிரிக்கும் பகுதியில். வெளியில் கிடைத்த அன்ரார் நிரலை எடுத்து, குறை எண்களையும் ஏற்கும் மாறிகளை (எண்களை வைத்திருக்கும் இடங்களை) எல்லாம் மிகை எண்களுக்கு மட்டும் என்று மாற்றியிருந்தார்கள். பாதுகாப்புக்காகச் செய்த மாற்றம்தான் போலிருக்கிறது, ஆனால் “இது பூஜ்ஜியத்தைவிடக் குறைவா?” என்று கேட்கும் சோதனைகள் எல்லாம் அதோடு செத்துப்போயின.