மணமின்மையா, முகர்வின்மையா?

பார்க்கின்சன் நோய் பற்றிய ஒரு கையேட்டின் தமிழாக்கம் பிழைதிருத்தத்துக்கு வந்தது. "நோயாளிகளிடம் தொடக்கத்திலேயே மணமின்மை காணப்படும்" என்று ஒரு வரி. அந்த நோயுள்ள பெரியவர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அப்படின்னா என் மேல வேர்வை வாடையே வராதா தம்பி?" என்று கேட்டார். அந்தச் சொல்லுக்கு அவர் கொண்ட பொருள்தான் சரியான பொருள்.

இந்த மணமின்மையையும் அதன் தம்பி வாசனையின்மையையும் எத்தனையோ முறை பார்த்து, போகட்டும் என்று விட்டிருக்கிறேன். இனி முடியாது.

மூலச் சொல் அனோஸ்மியா, அதாவது முகரும் திறன் இல்லாமை. கிரேக்கத்தில் ஒஸ்மே என்றால் மணம், முன்னால் நிற்கும் 'அன்' எதிர்மறை. முற்றிலும் போகாமல் குறைந்திருந்தால் ஹைப்போஸ்மியா. சரி, வேர் அவ்வளவுதான். மொழிபெயர்த்தவர் அதைப் பிரித்து, மணம், இன்மை என்று அப்படியே ஒட்டிவிட்டார்.

பசியின்மை, தூக்கமின்மை இருக்கும்போது மணமின்மைக்கு என்ன குறை என்பார்கள். பசியும் தூக்கமும் ஆளுக்குள் நிகழ்பவை. மணம் அப்படியா? அது பூவில் இருக்கிறது. மணமில்லாத பூ என்கிறோம். காது கேட்காதவருக்கு ஒலியின்மை என்று யாராவது எழுதுவார்களா? ஒலியின்மை என்றால் நிசப்தம். ஒளியின்மை என்றால் இருட்டு. கேளாமை, பார்வையின்மை என்று புலனின் செயலை வைத்துத்தானே சொல்கிறோம்? மூக்குக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்? வள்ளுவர் 'சுவை ஒளி ஊறு ஓசை நாற்றம்' என்று அடுக்குவது புலன்கள் பற்றும் பொருள்களை. மூக்கின் செயலைச் சொல்லும் இடத்தில் 'மோப்பக் குழையும் அனிச்சம்' என்று வேறு சொல் எடுக்கிறார். இந்த வேறுபாடு தமிழில் பழையது.

இன்னொரு போட்டிச் சொல் நுகர்வின்மை. நுகர்தலுக்கு முகர்தல் என்ற பொருளும் உண்டுதான். ஆனால் நுகர்வோர், நுகர்பொருள் என்று அந்தச் சொல் கடைவீதிக்குப் போய்விட்டது. நுகர்வின்மை என்றால் சாமான் வாங்காதிருப்பது என்றுதான் இன்று தோன்றும்.

ஆகவே முகர்வின்மை. குறைந்திருந்தால் முகர்வுக் குறைவு. முகர்ந்து பார், மோந்து பார் என்று தினமும் சொல்பவர்களுக்கு இதில் விளங்காதது ஒன்றுமில்லை. இரண்டையும் பிரித்து எழுதுவதும் முக்கியம். பார்க்கின்சன் நோயில் பலருக்கு முகர்வு முழுதாகப் போவதில்லை, மங்குகிறது. அதனாலேயே சோதிக்கும்வரை அவர்களுக்கே தெரிவதில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பெயரிலுள்ள சோதனையில் 40 மணங்கள். ஒவ்வொரு பட்டையையும் பென்சில் நுனியால் சுரண்டி, மூக்கருகே கொண்டுபோய், நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதைச் செய்யும்போதுதான் தடுமாற்றம் வெளிப்படும்.

நோயாளிகளில் மிகப் பெரும்பாலோருக்கு இந்தக் குறை உண்டு. கை நடுங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இது தொடங்கலாம். மூளையில் முகர்வுச் செய்தி முதலில் போய்ச் சேரும் முகர்குமிழில் ஆல்பா சைனூக்ளின் என்ற புரதம் நோயின் தொடக்கத்திலேயே திரள்கிறது. இந்நோய்க்குத் தரும் லெவோடோபா என்ற மருந்து உடலசைவைச் சீராக்கினாலும் முகர்வை மீட்பதில்லை. 1817இல் இந்நோயை விவரித்த ஜேம்ஸ் பார்க்கின்சனே புலன்களுக்குப் பழுதில்லை என்றுதான் எழுதினார். நடுக்குவாதம் என்ற நம் பெயரும் கையை மட்டுமே பார்க்க வைக்கிறது. நடுக்கமே இல்லாத நோயாளிகளும் இருக்கிறார்கள்.

இதில் என்னை அதிகம் வருத்துவது வேறு. இந்நோயில் உடல்வாடையே மாறக்கூடும். ஸ்காட்லாந்துச் செவிலியர் ஜாய் மில்ன், நோய் கண்டறியப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே கணவரின் வாடை மாறியதை உணர்ந்தவர். அப்படியிருக்க, "நோயாளிகளிடம் மணமின்மை" என்று எழுதினால் உண்மை தலைகீழாகிவிடுகிறது. அகராதியைப் புரட்டிய மொழிபெயர்ப்பாளர், அந்த வரியை ஒருமுறை வாய்விட்டுப் படித்திருக்கலாம்.

வரியை மாற்றினேன்: "நோயாளிகளுக்கு முகரும் திறன் குறைந்திருக்கும், பலருக்கு இது நடுக்கத்துக்கு முன்பே தொடங்கும்." பெரியவர் படித்துவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. அப்புறம், "கை ஆடுறதுக்கு ரொம்ப வருஷம் முன்னாடியே எனக்கு ஒரு வாடையும் பிடிபடாது தம்பி. சளின்னு நெனச்சேன்" என்றார்.