அவருக்கு எதற்கு அனுதாபம்? 'சிம்பாத்திக்கோ' என்ற சொல்லைப் பற்றி

ஒரு சிறுகதை. ஸ்பானிய மொழியிலிருந்து நேரடியாகத் தமிழாக்கப்பட்டது என்று புத்தகத்தின் முகப்பிலேயே போட்டிருந்தது. சிற்றூர் ஒன்றில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் ஒருவர் வருகிறவர்களை எல்லாம் பெயர் சொல்லி அழைக்கிறார், கிண்டல் செய்கிறார், கடனைக் கேட்க மறந்துவிடுகிறார். அவரைப் பற்றிய தமிழ் வாக்கியம் இது: "ஊரிலேயே அவர்தான் மிகவும் அனுதாபமான மனிதர்." கதையில் யாரும் சாகவில்லை, யாருக்கும் நோயில்லை, ஒரு பூனைக்குக்கூட அடிபடவில்லை. யாரிடம் அனுதாபப்பட்டார் அந்த மனிதர்?

மூலத்தைத் தேடிப் பார்த்தேன். எதிர்பார்த்தபடியே அங்கே 'சிம்பாத்திக்கோ' உட்கார்ந்திருந்தது. பழகியதும் நமக்குப் பிடித்துப்போகிற ஆளைச் சொல்லும் ஸ்பானியச் சொல் அது. இந்தப் பிழையை நான் பார்ப்பது இது முதல்முறையாக இருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். சில மாதங்களுக்கு முன் ஒரு தொடரின் தமிழ் வசன வரிகளில், ஓர் இளைஞன் ஒரு பெண்ணிடம் "நீ மிகவும் இரக்கமுள்ளவள்" என்கிறான். அவள் வெட்கப்பட்டுச் சிரிக்கிறாள். அதற்கு முன் ஒரு பயணக் கட்டுரையில் மெக்சிகோ நாட்டு மக்கள் அனைவரும் "அனுதாபம் மிக்கவர்கள்" ஆகியிருந்தார்கள். மூன்று முறை ஆகிவிட்டது, எழுதிவிடுகிறேன்.

சொல்லின் பிறப்பு எளியது. கிரேக்கத்தில் 'சின்' என்றால் உடன், 'பாத்தோஸ்' என்றால் உணர்ச்சி, பட்டறிவு, துன்பம். இரண்டும் சேர்ந்த 'சிம்பாத்தேயா', லத்தீன் வழியாக ஸ்பானிய மொழிக்குள் 'சிம்பத்தீயா' என்று வந்தது. அதிலிருந்து பிறந்த பெயரடை ஆணுக்குச் சிம்பாத்திக்கோ, பெண்ணுக்குச் சிம்பாத்திக்கா. ஆங்கிலத்தின் 'சிம்பதி'யும் இதே வயிற்றுப் பிள்ளைதான்.

குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. ஒரே தாயின் பிள்ளைகள் ஒரே தொழில் செய்ய வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆங்கிலத்துப் பிள்ளை துக்க வீட்டுக்குப் போய் ஆறுதல் சொல்லப் பழகிக்கொண்டது. ஸ்பானியப் பிள்ளை தேநீர்க் கடையில் நான்கு பேரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருக்கிறது. பிரெஞ்சு, இத்தாலிய, போர்த்துகீசிய, ஜெர்மன் மொழிகளில் இருக்கும் உடன்பிறப்புகளும் பெரும்பாலும் ஸ்பானியப் பிள்ளையின் பக்கம்தான். ரஷ்யாவுக்குப் போன பிள்ளை இன்னும் ஒரு படி தள்ளிப்போய், பார்க்க அழகாக இருப்பதையே குறிக்கத் தொடங்கிவிட்டது. பிரேசிலில் 'சிம்பத்தீயா' என்ற பெயர்ச்சொல்லுக்கு நாட்டு மாந்திரீகச் சடங்கு என்றும் ஒரு பொருள் உண்டு. ஆக, கூட்டத்தில் தனித்து நிற்பது ஆங்கிலம். நமக்கோ ஐரோப்பா என்றாலே ஆங்கிலம்தான் வாசல். ஆங்கிலேயர்களே தங்கள் சொல் இந்தப் பொருளுக்கு உதவாது என்று கண்டு, 'சிம்பாட்டிகோ' என்பதை இத்தாலிய, ஸ்பானிய மொழிகளிலிருந்து அப்படியே எடுத்து வைத்துக்கொண்டார்கள் என்பது தனிக்கதை.

இப்போது 'அனுதாப'த்துக்கு வருகிறேன். வடமொழியில் 'அனு' என்றால் பின், 'தாபம்' என்றால் வெப்பம். செய்துவிட்ட செயலுக்காகப் பின்னால் வேகும் மனம். கழிவிரக்கம் என்பதுதான் அங்கே அதன் பொருள். தமிழுக்கு வந்து பிறர் துன்பத்துக்கு இரங்குவதாக மாறிற்று. அதில் எனக்குச் சண்டை இல்லை. சொற்கள் இடம் மாறினால் குணம் மாறும் என்று மேலேதான் சொன்னேன். ஆனால் இன்றைய தமிழில் அனுதாபம் என்று சொன்ன மாத்திரத்தில் எங்கோ ஒரு துயரம் இருந்தாக வேண்டும். அனுதாபத் தந்தி, அனுதாபத் தீர்மானம், தேர்தலில் அனுதாப அலை. எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு இழப்பு நிற்கிறது. இன்னும் மோசம், 'அனுதாபி' என்று எழுதுகிறவர்கள். தமிழ்நாட்டில் அனுதாபி என்றால் உறுப்பினர் அட்டை வாங்காமல் கட்சிக்கு வாக்களிப்பவர். அதற்கு ஸ்பானியத்தில் 'சிம்பத்திசாந்த்தே' என்று வேறொரு சொல் தனியாக இருக்கிறது. துக்கம் விசாரிப்பதற்கு 'பேசமே' இருக்கிறது. பிறர் துயரை உணர்பவருக்குக் 'கொம்பசீவோ' இருக்கிறது. அவர்கள் ஒவ்வொன்றையும் தனித்தனிப் பானையில் வைத்திருக்க, நாம் எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் கொட்டிக் கலக்குகிறோம்.

தனித்தமிழ் அன்பர்கள் சிலர் அனுதாபத்தை நீக்கிவிட்டுப் 'பரிவாளர்' என்று போடச் சொல்கிறார்கள். பரிவு நல்ல சொல். நம் உயிரியல் பாடநூல்களில் பரிவு நரம்பு மண்டலம் என்று படித்திருப்பீர்கள். பாரிசில் பணியாற்றிய வின்ஸ்லோ என்ற உடற்கூற்றியலாளர் 1732-இல் அந்த நரம்புகளுக்குச் 'சிம்பத்தி'யின் பெயரைச் சூட்டினார். உடலின் உறுப்புகள் ஒன்றுக்காக ஒன்று உணர்கின்றன என்ற பழைய கருத்தின் எச்சம் அது. தமிழாக்கியவர்கள் பரிவு என்று வைத்தது பொருத்தமே. இலங்கையில் இயற்பியல் படித்தவர்களுக்குப் பரிவு என்றால் ஒரு பொருளின் அதிர்வுக்கு இன்னொன்று இசைந்து அதிர்வது. நாம் ஒத்ததிர்வு என்கிறோம். அதுவும் அழகான ஆட்சி. ஆனால் நரம்புக்கும் கம்பிக்கும் பொருந்திய சொல் முடிதிருத்துபவருக்குப் பொருந்த வேண்டுமா? பரிவு என்பது அவர் நெஞ்சுக்குள் பிறர்பொருட்டு நிகழ்வது. சிம்பாத்திக்கோ என்பதோ அவரைப் பார்க்கிற நமக்குள் நிகழ்வது. அவர் மனத்தில் பரிவு துளியும் இல்லாமல் இருக்கலாம், மோசடிக்காரனாகக்கூட இருக்கலாம். ஏமாற்றுக்காரர்களில் பாதிப் பேர் சிம்பாத்திக்கோதான், இல்லையென்றால் அந்தத் தொழில் நடக்காது. அவனைப் பரிவாளன் என்று எழுதினால் கதையே கெட்டது.

'ஒத்துணர்வாளர்' என்ற ஆக்கத்தை மறுக்கவும் இதே காரணம் போதும். அதை உளவியலார் 'எம்பதி' என்ற வேறொரு கருத்துக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள், அவர்களிடமே இருக்கட்டும்.

பார்க்கிறவருக்குள் நிகழ்வது என்றேன். அதற்கு ஸ்பானிய இலக்கணமே சாட்சி. ஒருவரைப் பிடித்திருக்கிறது என்பதை அவர்கள் 'மே காஎ பியென்' என்பார்கள்: 'எனக்கு நன்றாக விழுகிறார்'. 'மே காஎ சிம்பாத்திக்கோ' என்றும் சொல்வார்கள். அந்த 'மே' நம்முடைய 'எனக்கு'. அசல் நான்காம் வேற்றுமை. 'எனக்கு அவரைப் பிடிக்கும்' என்று நாம் சொல்லும்போதும் பிடிப்பது நம் செயலாக இல்லாமல் நமக்கு நேர்வதாகத்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'நான்' எழுவாயாக நின்று பிடிக்க வேண்டும். ஸ்பானியமும் தமிழும் இவ்வளவு நெருங்கி நிற்கும் இடத்தில் ஆங்கிலத்தை நடுவில் நிறுத்தி வழி கேட்பது எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

இன்னொரு கட்சி 'கலகலப்பானவர்' என்கிறது. அனுதாபத்துக்கு இது எவ்வளவோ மேல். ஆனாலும் கலகல என்பது ஒலி. சிரிப்பும் வளையலும் எழுப்புவது. வாய் ஓயாமல் பேசுகிறவரைக் குறிக்க அவர்களிடம் 'எக்ஸ்த்ரோவெர்தீதோ' இருக்கிறது. உளவியலாளர் யுங் 1921-இல் வகைப்படுத்திய புறமுக ஆளுமை. புறமுகமாக இருந்துகொண்டே சகிக்க முடியாதவராக இருப்பவர்களை ரயில் பயணங்களில் எல்லோரும் சந்தித்திருப்போம். மறுபுறம், நாலு வார்த்தைக்கு மேல் பேசாமல், ஒரு தலையசைப்பிலும் புன்னகையிலும் நம்மை இளகவைப்பவர் சிம்பாத்திக்கோதான்.

இந்தப் பண்பை ஆய்வாளர்களும் விட்டுவைக்கவில்லை. 1984-இல் ட்ரையாண்டிஸ் என்ற உளவியலாளரும் குழுவினரும் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த ஸ்பானியவழி இளைஞர்களையும் மற்றவர்களையும் ஒப்பிட்டு, சிம்பத்தீயா அந்தப் பண்பாட்டின் எழுதப்படாத விதி என்று காட்டினார்கள். எந்தச் சந்திப்பிலும் இனிமையை எதிர்பார்ப்பது, முகம் சுளிக்கும் மோதலைத் தவிர்ப்பது என்பதே அந்த விதி. 2001-இல் வெளியான இன்னோர் ஆய்வில் 23 நாடுகளின் பெருநகரங்களில் ஆளை அனுப்பிப் பேனாவைத் தவறவிட்டார்கள். பார்வையற்றவர்போல் சாலையோரம் நிற்கவைத்தார்கள். யார் உதவுகிறார்கள் என்ற கணக்கில் ரியோ தெ ஜெனீரோ முதலிடம், கோஸ்தா ரிக்காவின் சான் ஹோசே இரண்டாமிடம், கோலாலம்பூர் கடைசி. முன்னணிக்குக் காரணமாக இதே சிம்பத்தீயாவைச் சுட்டினார்கள். "பார்த்தாயா, உதவி என்றால் பரிவுதானே?" என்று என் நண்பர் ஒருவர் இதை வைத்து மடக்கப் பார்த்தார். பேனாவை எடுத்துக்கொடுப்பதற்குப் பரிவு எதற்கு? அது பழகும் முறை.

பழகும் முறை என்ற இந்தச் சொல்லில்தான் விடை கிடக்கிறது. 'பழக இனியவர்', 'பழகுவதற்கு இனிமையானவர்' என்று ஒருவரைப் பற்றிச் சொல்லும் வழக்கம் நம்மிடம் காலங்காலமாக இருக்கிறது. ஸ்பானியர்களும் இதையே சுற்றிச் சொல்லும்போது 'இனிய பழக்கம் உடையவர்' என்ற பொருளில்தான் சொல்வார்கள். 'பழகு' என்ற வினையின் அகலத்தைப் பாருங்கள்: கை பழகுகிறது, காளை பழகுகிறது, ஆள் பழகுகிறார். இதை வைத்துக்கொண்டு எதற்கு ஐயா அனுதாபம்?

"இரண்டு சொல்லாகிறதே, ஒரே சொல் வேண்டும்" என்பார்கள். ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்ற இந்த நோய் அகராதியில் தொடங்கி மொழிபெயர்ப்பாளர் கை வரைக்கும் பரவிவிட்டது. எதிர்ச்சொல்லான 'ஆன்டிபாத்திக்கோ'வுக்கு நம்மிடம் முசுடு, சிடுமூஞ்சி, உம்மணாமூஞ்சி என்று ஒற்றைச் சொற்கள் வரிசையில் நிற்கின்றன. குறை சொல்ல நாம் எப்போதும் சிக்கனமானவர்கள். பாராட்ட இரண்டு சொல் செலவானால் ஆகட்டும்.

ஒற்றைச் சொல்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவருக்குக் குறளில் ஒன்று இருக்கிறது. "நகல்வல்லர் அல்லார்க்கு மாயிரு ஞாலம் பகலும்பாற் பட்டன்று இருள்." பிறரோடு கலந்து மகிழத் தெரியாதவருக்குப் பட்டப்பகலும் இருட்டு. நகல்வல்லர்: எத்தனை கச்சிதம்! ஆனால் இன்று அப்படி எழுதினால், படிப்பவர் அந்த முடிதிருத்துபவர் பக்கத்திலேயே நகல் எடுக்கும் கடையும் வைத்திருக்கிறார் போலும் என்று நினைத்துக்கொள்வார். நல்ல சொல்லைப் படி எடுக்கும் எந்திரத்துக்குத் தாரைவார்த்துவிட்டோம்.

பக்கத்துச் சொற்களையும் தொட்டுவிடுகிறேன், அங்கேயும் பள்ளங்கள் உண்டு. 'காம்பெச்சானோ' என்றால் பெரிய இடத்தில் இருந்துகொண்டு பகட்டில்லாமல் எல்லோரிடமும் பழகுகிறவர். 2014-இல் முடிதுறந்த அரசர் ஹுவான் கார்லோசுக்கு ஸ்பெயினில் ஒட்டிக்கொண்ட அடைமொழி. இதை 'எளிமையானவர்' என்று மட்டும் எழுதினால் கஞ்சி குடிப்பவர் ஆகிவிடுவார். 'காட்சிக்கு எளியன்' என்று அரசனைப் பற்றியே வள்ளுவர் சொன்னது இருக்கும்போது வேறெங்கே போக வேண்டும்? 'சலாதோ' என்றால் உப்பிட்டது. ஸ்பெயினில் ஆளைச் சொன்னால் துடுக்கும் கவர்ச்சியும் உள்ளவர். உப்பில்லாத உணவுக்கும் சுவாரசியமற்ற ஆளுக்கும் ஒரே சொல், 'சோசோ'. நாம் உப்புச்சப்பில்லாத ஆள் என்பது அச்சாக அதுதான். ஆனால் இதே சலாதோ மெக்சிகோவில் அதிர்ஷ்டம் கெட்டவனைக் குறிக்கும். எந்த ஊர்க் கதை என்று பார்க்காமல் உப்பைக் கொட்டுகிறவர்களுக்கு நான் பொறுப்பல்ல.

பெண் பார்த்துவிட்டு வந்தவரிடம் "அழகா?" என்று கேட்டால் "நல்ல குணம்" என்று நம் ஊரில் பதில் வருமே, அந்த இடத்திலும் ஸ்பானியர்கள் கைகொடுக்கக் கூப்பிடுவது சிம்பாத்திக்காவைத்தான். அங்கே 'பழக இனியவள்' கூட வேண்டாம், 'நல்ல குணம்' என்றே எழுதலாம். தன்னைச் சிம்பாத்திக்கோவாகக் காட்டிக்கொள்ள முயல்பவனுக்கும் ஒரு தொடர் உண்டு. அதற்குக் 'குழைகிறான்' என்ற ஒரு வினை போதும். இடம் பார்த்து மாற்றுவதற்குத்தானே மொழிபெயர்ப்பாளருக்குக் கூலி?

முடிதிருத்துபவரின் வாக்கியத்தை அடித்துவிட்டு, "ஊரில் அவரைப் போலப் பழக இனிய மனிதர் வேறு யாரும் இல்லை" என்று பக்கத்தின் ஓரத்தில் எழுதி வைத்தேன். பேனாவை மூடிய பிறகுதான் அது நூலகப் புத்தகம் என்பது நினைவுக்கு வந்தது.