நித்யகல்யாணி இலைக்குள்ள ஒரு பிரேக்

"நித்யகல்யாணி இலைய கொதிக்க வெச்சு குடிச்சா சுகரும் போகும், கேன்சரும் போகும்னு மெசேஜ் சுத்துதே, நெஜமா?"ன்னு ஒரு வாசகர் கேட்டிருந்தார். சுகர் கதைல ஆரம்பிப்போம், ஏன்னா எல்லாம் ஆரம்பிச்சதே அந்தத் தப்புலதான்.

மடகாஸ்கர்தான் இந்தச் செடிக்குப் பூர்வீகம். பல நாட்டு வைத்தியத்துல இத சுகருக்குக் குடிச்சிருக்காங்க. 1952ல ஜமைக்காவுலேர்ந்து ஒரு நோயாளி, கனடா டாக்டர் கிளார்க் நோபிளுக்கு 25 இலைய கவர்ல போட்டு அனுப்ப, அவர் அத ஆராய்ச்சியாளரான தம்பி ராபர்ட் நோபிள் கையில குடுத்துட்டார். எலிக்கு வாய் வழியா குடுத்துப் பாத்தா சுகர் அசையவே இல்ல. சரின்னு ஊசியா போட்டா எலிங்க செத்துப்போச்சு, காரணம் தேடினா ரத்தத்துல வெள்ளை அணுக்கள் சரிஞ்சு கெடக்கு, சாதாரண கிருமித் தொத்தக்கூட தாங்க முடியல. வெள்ளை அணு கன்னாபின்னான்னு பெருகுறதுதானே லுக்கேமியாங்கற ரத்த கேன்சர்? அங்க பல்பு எரிஞ்சுது. சார்லஸ் பியர்ங்கற வேதியியலாளர் அந்தப் பொருள பிரிச்செடுத்தார், அதான் வின்பிளாஸ்டின்ங்கற கேன்சர் மருந்து. அதோட தம்பி மாதிரியான வின்கிரிஸ்டினுக்கு 1963ல அமெரிக்காவுல அனுமதி கெடச்சுது. "சுகருக்கு வேலை செய்யல, ப்ராஜெக்ட் க்ளோஸ்"னு எவனாவது பணத்த நிறுத்தியிருந்தா இது எதுவுமே இல்ல. இப்ப அப்படித்தான் நிறுத்துறாங்கங்கறது என் புலம்பல்.

இனிமே எனக்குப் புடிச்ச இடம். செல் ரெண்டா பிரியறப்போ குரோமோசோம இந்தப் பக்கம் பாதி அந்தப் பக்கம் பாதின்னு இழுக்கணும்னு ஸ்கூல்லயே படிச்சிருப்பீங்க. இழுக்கிற கயிறுக்குப் பேரு மைக்ரோடியூபூல், டியூபுலின்ங்கற புரோட்டீன அடுக்கி அடுக்கிக் கட்டின குழாய், 25 நானோமீட்டர் தடிமன். ஸ்கூல்ல சொல்லாத விஷயம் என்னன்னா இந்தக் கயிறு சும்மா நிக்கவே நிக்காது. கொஞ்ச நேரம் வளரும், திடீர்னு படபடன்னு சுருங்கும், திரும்ப வளரும். மிட்சிசன், கிர்ஷ்னர்னு ரெண்டு பேர் 1984லதான் இதச் சொன்னாங்க, மருந்து வந்து இருபது வருஷம் கழிச்சு!

ஏன் இப்படி ஆடணும்? டியூபுலின் வந்து ஒட்டறப்போ ஜிடிபி (GTP)ங்கற சின்ன மூலக்கூற சுமந்துட்டு வருது, அது இருக்கிற வரைக்கும் நேரா நிக்கும். ஒட்டினப்புறம் அது உடைஞ்சதும் டியூபுலின் வளையப் பாக்கும், ஆனா நுனில புதுசா ஒட்டினவங்க ஒரு தொப்பி மாதிரி புடிச்சு வெச்சிருக்கறதால வளைய முடியாது. தொப்பி போச்சுன்னா வாழைப்பழத் தோல உரிச்ச மாதிரி குழாய் பிரிஞ்சு விழுந்துடும். பாக்க வீண் வேலையா தெரியும், ஆனா இருட்டுல சுவரைத் தடவி சுவிட்ச் தேடுறோமே, கைய நீட்டி, இல்லன்னா இழுத்து, வேற பக்கம் நீட்டி, அதேதான். கயிறு இப்படித் தேடித்தான் குரோமோசோமப் புடிக்குது.

வின்பிளாஸ்டின் போய் உக்கார்றது அந்த நுனில, ரெண்டு டியூபுலினுக்கு நடுவுல ஆப்பு மாதிரி. நிறைய போட்டா குழாயே கரைஞ்சுடும், ஆனா கொஞ்சமா இருந்தா ஒண்ணையும் இடிக்காது, ஆட்டத்த மட்டும் நிறுத்தும். ஒரு குழாயோட நுனிக்கு ஒண்ணு ரெண்டு மூலக்கூறு போதும், ஆட்டம் பாதியா குறைஞ்சுடும். ஆயிரக்கணக்கான டியூபுலின் அடுக்கின கயிற ஒரே ஒரு ஆள் நிறுத்தறான்! குரோமோசோம் எல்லாம் சரியா மாட்டலன்னு செல்லோட செக்கிங் சிஸ்டம் அடுத்த கட்டத்துக்கு விடாது, பிரியவும் முடியாம பின்னாடி போகவும் முடியாம நின்னு நின்னு கடைசில பல செல் தன்னையே அழிச்சுக்கும்.

"இயற்கைதானே, சைடு எஃபெக்ட் இல்ல"ன்னு சொல்றவங்க மேல எனக்கு வர்ற கோபத்துக்கு இதான் காரணம். நரம்புக்குள்ள சரக்கு போற தண்டவாளமும் இதே மைக்ரோடியூபூல்தான். நீளமான நரம்புக்குத்தான் முதல் அடி, அதான் வின்கிரிஸ்டின் போட்டவங்களுக்கு கால் விரல், கை விரல் மரத்துப்போகுது. இந்த ரெண்டு மருந்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு நைட்ரஜன் மேல மெத்தில்ங்கற குட்டி அணுக்கூட்டம் இருக்கா, ஃபார்மில்ங்கற இன்னொரு குட்டிக் கூட்டம் இருக்காங்கறதுதான், ஆனா ஒண்ணு எலும்பு மஜ்ஜைய அதிகம் அடிக்கும், இன்னொண்ணு நரம்ப. டோஸ மில்லிகிராம்ல அளந்து, ரத்தம் டெஸ்ட் பண்ணி, ரத்தக்குழாய்ல ஏத்தற மருந்து இது. கஷாயத்துல எவ்வளவு இருக்குன்னு யார் அளந்தா? அதே இலைல நூத்துக்கு மேல வேற ஆல்கலாய்டும் (செடி தயாரிக்கிற வீரியமான ரசாயனம்) இருக்கு. அதனால வாசகரே, வேணாம். கீமோல இருக்கறவங்க சத்தியமா வேணாம்.

மருந்து இலைல இருக்கறதே துளிதான், ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு சுமார் 500 கிலோ காஞ்ச இலை வேணும். ஏன் இவ்வளவு கம்மின்னா, இது ரெண்டு துண்டு சேர்ந்து ஆகுற மூலக்கூறு, அதுல கேதரான்தின்ங்கற துண்ட செடி இலையோட மேல்பரப்பு மெழுகுல வெச்சிருக்கு, விண்டோலின்ங்கற இன்னொரு துண்டு இலைக்கு உள்ள இருக்கு, ரெண்டும் அதிகமா சந்திக்கறதே இல்ல. 2022ல ஈஸ்டுக்குள்ள ஜீன்களப் புகுத்தி, 30 என்சைம் படி தாண்டி ரெண்டு துண்டையும் தனித்தனியா தயாரிச்சுட்டாங்க. கடைசியா ரெண்டையும் ஒட்ட வெச்ச வேலைய மட்டும் ஈஸ்ட் செய்யல, லேப்ல மனுஷங்கதான் செஞ்சாங்க.