கோந்த்ர்ஜூர்: பின்னொளியா, எதிர்வெயிலா?

வெளிச்சத்தைப் பார்த்து நின்று படம் எடுப்பதற்கு மொரீசியசில் படம் எடுப்பவர்கள் வாயில் சரளமாக வரும் பிரெஞ்சுச் சொல் இது. 'கோந்த்ர்' என்றால் எதிர். 'ஜூர்' என்றால் நாள், பகல் வெளிச்சமும்கூட. லத்தீன் 'தியுர்னும்' வழி வந்தது. ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தவரை வரைவதற்கும் ஓவியர்கள் இதே சொல்லைச் சொல்வார்கள்.

தமிழில் சிலர் 'எதிரொளி' என்கிறார்கள். அது பிரதிபலிப்பு, கண்ணாடிக்குத்தான் பொருந்தும். வெளிச்சம் பொருளுக்குப் பின்னால் இருப்பதை 'பின்னொளி' சரியாகச் சொல்கிறது. எடுப்பவர் வெளிச்சத்தைப் பார்த்து நிற்பதற்கு 'எதிர்வெயில்' இருக்கவே இருக்கிறது. கோந்த்ர்ஜூருக்கு நெருக்கமானது இதுதான்.

தீவு நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 20 பாகையில் இருப்பதால் ஜூன் மாத நண்பகலில் சூரியன் வடக்கே, சுமார் 46 பாகை உயரத்தில் நிற்கும். வடக்குப் பார்த்து கேமராவைத் தூக்கினாலே எதிர்வெயில்தான்.

லிச்சிக் கிளையில் ஒரு கொந்தே (நம் செம்மீசைச் சின்னான்), பின்னால் வெளுத்த வானம். கேமராவுக்குள் ஒளியை அளக்கும் மீட்டர் வானத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு வெளிச்சத்தைக் குறைத்துவிடும். கொண்டையும் முகமும் ஒரே கரியாகும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் ஒளியின் அளவை, +1 முதல் +2 வரை ஏற்ற வேண்டும். வானம் வெளுத்துப் போகும், போகட்டும். ஸ்பாட் மீட்டரிங் (ஒரு சிறு புள்ளியில் மட்டும் ஒளியை அளப்பது) என்றால் பழுப்பு முதுகில் அளக்கவும். வெள்ளைக் கன்னத்தில் அளந்தால் படம் மறுபடி இருண்டுவிடும்.

அதே வெயிலில், மாமர நிழலுக்கு முன்னால் தும்பி உட்கார்ந்திருந்தால் கணக்கு தலைகீழ். பின்னணி இருட்டு என்பதால் மீட்டர் தாராளமாகத் திறக்கும், இறக்கை விளிம்பு வெந்துபோகும், அதாவது விவரமே இல்லாமல் வெளுத்துவிடும். இங்கே −⅔ அல்லது −1. ஏற்றுவதா இறக்குவதா என்பதை வெயில் தீர்மானிப்பதில்லை, பின்னணிதான் தீர்மானிக்கிறது. வெந்த விளிம்பை ரா ஃபைலிலும் (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் மூலக் கோப்பு) மீட்க முடியாது; இருண்ட முதுகை ஓரளவு மீட்கலாம்.

லென்ஸில் நேர்வெயில் பட்டால் படம் முழுக்க வெண்புகை படர்ந்து, ஃபோகஸும் தடுமாறும். லென்ஸ் முனையில் வெயிலை மறைக்கும் ஹூட் மாட்டுங்கள், யுவி ஃபில்டரைக் கழற்றுங்கள். தாழ்ந்த வெயிலுக்கு ஹூட் போதாது, ஃபிரேமுக்குள் வராமல் தொப்பியால் மறைக்க வேண்டும். ஃபிளாஷ் சேர்ப்பதானால் −1⅓ அளவில் வைத்தால் செயற்கையாகத் தெரியாது. ஷட்டர் 1/250 நொடியைவிட வேகமானால் பெரும்பாலான கேமராக்களில் ஹை-ஸ்பீட் சிங்க் (வேக ஷட்டரோடு ஃபிளாஷை ஒத்துப்போக வைக்கும் முறை) தேவை; அதில் ஃபிளாஷின் எட்டும் தூரம் குறையும், தும்பிக்குப் போதும், உயரக் கிளைப் பறவைக்குப் போதாது.