கன்சென்ட்: அனுமதியா, சம்மதமா, இசைவா?

அண்ணன் மகள் இங்கே டெல்லியில் கல்லூரி என்சிசியில் கேடட். பள்ளிக்கூட ஜூனியர் பிள்ளைகளுக்கு நட்பு, காதல், மனசு சம்பந்தமாக ஒரு மணி நேரம் பேசச் சொல்லிவிட்டார்களாம், அதில் பாதிப் பேர் நம் தமிழ்ப் பிள்ளைகள். “சித்தப்பா, கன்சென்டுக்குத் தமிழ் என்ன?” என்று ராத்திரி பதினொரு மணிக்கு மெசேஜ். தூக்கக் கலக்கத்தில் “அனுமதி” என்று தட்டிவிட்டுப் படுத்துவிட்டேன். தப்பு.

கேடட்டுக்கு அனுமதி என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாசலில் விறைப்பாக நின்று “மே ஐ கம் இன், சார்” என்று கேட்பது அது. ஒருவர் மேலே, ஒருவர் கீழே. மேலே இருப்பவர் தருவார், கீழே இருப்பவர் வாங்கிக்கொள்வார். ‘சாவ்தான்’ என்றால் விறைத்து, ‘விஷ்ராம்’ என்றால் தளர்ந்து பழகிய பிள்ளையிடம் காதலுக்கும் அதே சொல்லைக் கொடுத்தால் உருப்படுமா?

கன்சென்ட் லத்தீனில் பிறந்த சொல். ‘கான்’ என்றால் சேர்ந்து, ‘சென்டிரே’ என்றால் உணர்தல். நாம் மூச்சுக்கு மூச்சு சொல்கிற சென்டிமென்டும் இதே வேரில் முளைத்ததுதான். சம்மதம் வடமொழி: ‘சம்’ சேர்ந்து, ‘மத’ எண்ணியது. அர்த்தம் சரியாகவே பொருந்துகிறது, ஆனால் நம் ஊரில் அதோடு ‘மௌனம் சம்மதம்’ என்ற வால் ஒட்டிக்கொண்டிருக்கிறது, பெண் பார்க்கும் சடங்கில் தலைகுனிந்து நின்றாலே சரி என்று எழுதிக்கொண்டவர்கள் நாம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 2013 திருத்தத்திலும், அதன் இடத்தில் வந்து 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆம் பிரிவிலும், பாலுறவுக்கான பெண்ணின் சம்மதம் ஐயத்துக்கு இடமின்றி, சொல்லாலோ சைகையாலோ தானாக விரும்பித் தெரிவித்ததாக இருக்க வேண்டும். எதிர்த்துப் போராடவில்லை என்பதை மட்டும் வைத்துச் சம்மதித்ததாகக் கொள்ளக் கூடாது. 18 வயது ஆகாதவர் சரி என்று சொன்னாலும் செல்லாது. ஜூனியர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடு என்றேன்.

ஒப்புதல்? அதில் ஆபீஸ் ஃபைல் வாடை. உடன்பாடு எனக்குப் பிடித்த சொல், இலக்கண வகுப்பில் உடன்பாடு, எதிர்மறை என்று படித்தோமே, ‘வருவேன்’ உடன்பாடு, ‘வரமாட்டேன்’ எதிர்மறை. வாய் திறந்தால்தான் இரண்டில் எது என்றே தெரியும். ஆனால் செய்தித்தாள்காரர்கள் அதைத் தொகுதிப் பங்கீட்டுக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

கடைசியில் இசைவு. இசைதல் என்றால் பொருந்துதல், உடன்படுதல். பாட்டைக் குறிக்கிற ‘இசை’யும் இதே எழுத்துதான். காலையில் அனுமதியை அடித்துவிட்டு இதை அனுப்பினேன்.

வகுப்பில் ஒரு பையன், “இசைவா? பேண்டு வாத்தியமா அக்கா?” என்றானாம். சிரிப்பு அடங்கியதும் இன்னொருவன், “நேத்து சரின்னு சொல்லிட்டு இன்னைக்கு வேணாம்னா?” என்று கேட்டிருக்கிறான். இவள் வீணை கற்றவள். டெல்லிக் குளிரில் ராத்திரி கூட்டிவைத்த சுருதி காலையில் கலைந்திருக்கும், நேற்று சேர்ந்திருந்ததே என்று அப்படியே வாசிக்க முடியுமா என்று திருப்பிக் கேட்டிருக்கிறாள்.

“அப்ப ஒவ்வொரு தடவையும் கேக்கணுமா?”

“கேக்கணும்.”

வாயாலா, காதாலா என்று அவன் கேட்கவில்லை. தமிழில் இரண்டுக்கும் அந்த ஒரே வினைதான்.