பன்னிரண்டு குழந்தைகளின் கணக்கு

ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி தங்கையிடமிருந்து வாட்ஸ்அப்பில் இரண்டு செய்திகள் வந்தன. அவளுக்குக் கோபிச்செட்டிபாளையம் பக்கத்தில் ஒரு கிராமம். மகளுக்கு 17 மாதம். மறுநாள் புதன்கிழமை, அங்கன்வாடியில் தடுப்பூசி நாள். தட்டம்மை-ரூபெல்லா ஊசியின் இரண்டாம் தவணை. முதல் செய்தி இப்படி: அம்மை ஊசியால் ஆட்டிசம் வருவதைக் கண்டுபிடித்த லண்டன் டாக்டரை மருந்துக் கம்பெனிகள் சேர்ந்து ஒழித்துக் கட்டிவிட்டன. இரண்டாவது: ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பில்லை என்று எழுதிய டென்மார்க் விஞ்ஞானி பணத்தைச் சுருட்டியவன். கீழே அவள் கேட்டிருந்தாள்: "ஏனுங்கண்ணா, இதுல எது நெசமுங்?"

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லோருக்கும் இந்த ஊசி போட்டபோதும் வாட்ஸ்அப் இதே மாதிரி கொதித்தது. அப்போது வந்தவை வெறும் வதந்திகள். இந்த இரண்டும் அப்படித் தள்ளிவிடக் கூடியவை இல்லை. இரண்டிலும் உண்மை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பிரித்தெடுக்க, ஆராய்ச்சியில் மோசடி என்று ஒருவர் சொன்னால் அதை எப்படிச் சோதிக்கிறார்கள் என்று தெரிய வேண்டும்.

லண்டன் டாக்டர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட். 1998 பிப்ரவரி 28 அன்று 'லான்செட்' மருத்துவ இதழில் அவரும் இன்னும் 12 பேரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ராயல் ஃப்ரீ மருத்துவமனைக்கு வந்த 12 குழந்தைகளைப் பற்றியது. நன்றாக வளர்ந்துகொண்டிருந்த பிள்ளைகள், கற்ற பேச்சை இழந்தார்கள், குடலிலும் அழற்சி இருந்தது என்றது கட்டுரை. அதில் 8 பேரின் பிரச்சினை, தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்எம்ஆர் ஊசிக்குப் பிறகு தொடங்கியதாம். சராசரியாக 6.3 நாளில். இதில் தொடர்பை நிரூபிக்கவில்லை என்று கட்டுரையே ஒப்புக்கொண்டது. ஆனால் பத்திரிகையாளர் கூட்டத்தில் வேக்ஃபீல்ட் மூன்றையும் தனித்தனியாகப் போடுவதே நல்லது என்றார். பற்றிக்கொள்ள அது போதுமாக இருந்தது.

தங்கையிடம் நான் முதலில் கேட்டது ஊசியைப் பற்றி இல்லை. "அம்முணி, பாப்பாவுக்குக் காது குத்தி எத்தனை மாசமாச்சு?" நான்கு மாதம் ஆகியிருந்தது. குலதெய்வக் கோவிலில் மொட்டையடித்து, தாய்மாமன் என்ற முறையில் என் மடியில் உட்கார வைத்துத்தான் குத்தினார்கள். அவள் போட்ட கூச்சலில் ஆசாரிக்கே கை நடுங்கிவிட்டது. இப்போது ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். கொங்கு நாட்டில் ஏராளமான குழந்தைகளுக்கு ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குள் காதுகுத்து நடக்கிறது. ஆட்டிசத்தின் அறிகுறிகள் பெற்றோர் கண்ணில் படத் தொடங்குவதும் பெரும்பாலும் அந்த வயதில்தான். சொல்லிக்கொண்டிருந்த நாலு வார்த்தை நிற்கும், கூப்பிட்டால் திரும்பாது. ஈரோடு, திருப்பூர், நாமக்கல் எல்லாம் சுற்றி, "காது குத்தினதுக்கு அப்புறந்தான் பேச்சு நின்னு போச்சுங்க" என்று சொல்லும் 12 குடும்பங்களைத் தேடினால் கிடைத்துவிடும். அவர்கள் யாரும் பொய் சொல்ல மாட்டார்கள். பழி மட்டும் ஆசாரி மேலும் என் மேலும் விழும்.

அதனால்தான் 12 பேர் என்பது ஒரு கணக்கே இல்லை. அவர்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பது அதைவிட முக்கியம். ஈரோட்டில் மஞ்சள் வாங்குகிறவர் தட்டில் பரப்பி வைத்த விரலியைப் பார்த்து மட்டும் விலை எழுதுவதில்லை. மூட்டைக்குள் கைவிட்டு நாலு எடுத்து ஒடித்து உள்நிறத்தைப் பார்ப்பார். விற்கிறவன் பொறுக்கி வைத்தது மாதிரி ஆகாது என்பது மண்டியில் சின்னப் பையனுக்கும் தெரியும். லான்செட் கட்டுரை அந்தக் குழந்தைகளைப் பொறுக்கி எடுக்கவில்லை, வந்த வரிசையில் சேர்த்தோம் என்றது. பிறகு தெரிந்தது: பலர் ஊசிக்கு எதிரான பிரசாரக்காரர்கள் வழியாகவும் ஒரு வழக்கறிஞர் வழியாகவும் வந்தவர்கள். ஊசிக் கம்பெனிகள் மீது வழக்குத் தொடுத்துக்கொண்டிருந்த அந்த வழக்கறிஞர் வேக்ஃபீல்டுக்குப் பணமும் கொடுத்துவந்தார். மொத்தம் 4,35,643 பவுண்டு, செலவுகள் தனி. 1997 ஜூனில், அதாவது கட்டுரை வருவதற்கு முன்பே, தட்டம்மைக்குத் தனி ஊசி ஒன்றுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பமும் போடப்பட்டிருந்தது. இவை எதுவும் கட்டுரையில் இல்லை.

சரி, இதெல்லாம் நேர்மைக் குறைவு. மோசடி என்று எப்போது சொல்லலாம்?

ஆய்வு தப்பாகிப் போவது சகஜம். தப்பான ஆய்வும் பொய்யான ஆய்வும் அச்சில் ஒரே மாதிரிதான் இருக்கும். வித்தியாசம் தெரிய, அச்சில் வந்ததையும் அதற்கு அடியில் இருக்கும் மூலப் பதிவையும் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒத்துப் பார்க்க வேண்டும். நோயாளியின் மருத்துவப் பதிவு ரகசியம் என்பதால் வெளியாள் யாருக்கும் அது கிடைக்காது. பிரிட்டன் மருத்துவக் கவுன்சில் 2007 ஜூலையில் தொடங்கிய விசாரணையில்தான் அந்தப் பதிவுகள் சத்தமாக வாசிக்கப்பட்டன. 217 நாட்கள் நடந்த விசாரணை அது. 2003 முதல் இதைத் துரத்திக்கொண்டிருந்த பத்திரிகையாளர் பிரையன் டீர் அங்கே உட்கார்ந்து குறிப்பெடுத்தார். 2011 ஜனவரியில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 12 பேரின் கணக்கையும் அடுக்கி வைத்தார்.

அதில் வந்தவை: முன்பு நன்றாக இருந்தார்கள் என்று கட்டுரை சொன்ன 12 பேரில் 5 பேருக்கு வளர்ச்சி பற்றிய கவலை ஊசிக்கு முன்பே பதிவாகியிருந்தது. ஆட்டிசம் என்று சொல்லப்பட்ட 9 பேரில் 3 பேருக்கு ஆட்டிசமே கண்டறியப்படவில்லை. எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு ஒன்று. மருத்துவமனையில் ஊசி மேல் பழி சொன்ன குடும்பங்கள் 8 இல்லை, 11. விடுபட்ட மூன்று குடும்பங்களும் ஊசி போட்டு மாதங்கள் கழித்துத்தான் பிரச்சினை வந்தது என்று சொல்லியிருந்தன. இந்த மூன்றையும் எடுத்துவிட்டால்தான் மீதி எல்லாம் 14 நாளுக்குள் அடங்கும். மாதக் கணக்கைச் சேர்த்திருந்தால் 6.3 நாள் என்ற எண்ணே பிறந்திருக்காது. பழி சொன்னவர்களைக் குறைத்துக் காட்டியது யோசித்துப் பார்த்தால் விசித்திரம்தான், ஆனால் அதனால்தான் கதை கச்சிதமாக வந்தது.

டீர் சொன்ன எல்லாமே எதிர்ப்பில்லாமல் நிற்கவில்லை. குடல் திசு விஷயம் ஓர் உதாரணம். சாதாரணமாக இருக்கிறது என்று மருத்துவமனை எழுதிய 9 பேரின் திசு, கட்டுரையில் அழற்சியாக மாறியது என்றார். 2011 நவம்பரில் நோயியல் நிபுணர்கள் மதிப்பெண் போட்ட தாள்கள் வெளியே வந்தன. அதைக் காட்டி, வேக்ஃபீல்ட் இட்டுக்கட்டவில்லை, தப்பாகப் புரிந்துகொண்டிருக்கலாம் என்று சிலர் வாதாடினார்கள். கண்ணாடித் தகட்டில் கொஞ்சம் கூடுதலாக வெள்ளணு தெரிந்தால் ஒருவர் லேசான அழற்சி என்பார், இன்னொருவர் ஒன்றுமில்லை என்பார். அதற்காகத்தான் தகடு யாருடையது என்று தெரியாமல் எண் மட்டும் போட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். இந்த ஒரு அம்சத்தில் பொய்யா, பிழையா என்ற சண்டைக்கு இடம் இருக்கிறது. 11 எப்படி 8 ஆனது என்பதற்கு அந்தச் சாக்கு இல்லை.

கவுன்சில் 2010 மே மாதம் வேக்ஃபீல்டின் பெயரை மருத்துவர் பட்டியலிலிருந்து நீக்கியது. அதற்கு முன்பே பிப்ரவரியில் லான்செட் இதழும் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டது. இங்கே வாட்ஸ்அப் ஆட்கள் பிடித்துக்கொள்ளும் ஒரு விஷயம் உண்டு. அவரோடு சேர்ந்து தண்டிக்கப்பட்ட மூத்த மருத்துவர் ஜான் வாக்கர்-ஸ்மித் மேல்முறையீடு செய்து 2012-ல் ஜெயித்தார். உண்மைதான். குழந்தைகளுக்குச் செய்த சோதனைகள் சிகிச்சைக்கா ஆராய்ச்சிக்கா என்பதைக் கவுன்சில் ஒழுங்காக ஆராயவில்லை என்று நீதிபதி கடிந்துகொண்டார். ஆனால் அதே தீர்ப்பில், ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு என்ற கருத்தை ஆதரிக்கும் மதிக்கத்தக்க தரப்பு எதுவும் இப்போது இல்லை என்றும் எழுதினார். ஃபார்வர்ட் ஆகும்போது அந்த வரி மட்டும் உதிர்ந்துவிடுகிறது.

ஆய்வகத்துக்குள் நடந்ததும் சுவாரசியமானது. கொரோனா புண்ணியத்தில் ஆர்டி-பிசிஆர் தெரியாத வீடு இன்று கிடையாது. பிசிஆர் இயந்திரம் டிஎன்ஏவை மட்டும்தான் பெருக்கும். கொரோனா மாதிரி தட்டம்மை வைரஸும் ஆர்என்ஏ வைரஸ். முதலில் அதன் ஆர்என்ஏவை டிஎன்ஏவாக நகலெடுக்க வேண்டும். பெயரில் முன்னால் நிற்கும் 'ஆர்டி' அந்தப் படிதான். டப்ளினில் ஒரு ஆய்வகம் குடல் பிரச்சினையும் வளர்ச்சிக் கோளாறும் உள்ள 91 பிள்ளைகளில் 75 பேரின் குடலில் தட்டம்மை வைரஸ் இருப்பதாக 2002-ல் வெளியிட்டது. வேக்ஃபீல்ட் தரப்பின் பெரிய ஆயுதம் அது. பிசிஆர் நிபுணர் ஸ்டீபன் பஸ்டின் அந்த ஆய்வகப் பதிவுகளைப் புரட்டிவிட்டு 2007-ல் அமெரிக்கத் தடுப்பூசி நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். ஆர்டி படியைத் தவறிப்போய் விட்டுவிட்ட சோதனைகளிலும் அங்கே 'இருக்கிறது' என்று முடிவு வந்திருந்தது. அந்தப் படி இல்லாமல் தட்டம்மை வைரஸ் தெரியவே முடியாது. அப்படியானால் இயந்திரம் பெருக்கியது எங்கிருந்தோ கலந்த டிஎன்ஏவை. ஊற்றாத பாலுக்கு லிட்டர் எழுதிய நோட்டு மாதிரி. வேக்ஃபீல்டின் சொந்த ஆய்வகத்திலேயே மாணவராக இருந்த நிக் சாட்விக் அதற்குப் பல வருடம் முன்பே வைரஸ் இல்லை என்று கண்டு அவரிடம் சொல்லியிருந்தார். 2008-ல் மூன்று ஆய்வகங்கள், டப்ளினும் அதில் ஒன்று, யாருடைய மாதிரி என்று தெரியாமல் சோதித்தன. ஆட்டிசம் உள்ள 25 பேரில் ஒருவர், இல்லாத 13 பேரில் ஒருவர். அவ்வளவுதான் கிடைத்தது.

இப்போது தங்கையின் இரண்டாவது செய்திக்கு வருகிறேன். டென்மார்க்கின் பவுல் தோர்சன் மீது 2011-ல் அமெரிக்க அரசு, ஆராய்ச்சிப் பணம் பத்து லட்சம் டாலருக்கு மேல் பொய் பில் போட்டுச் சுருட்டினார் என்று குற்றப்பத்திரிகை போட்டது நிஜம். 5,37,303 டென்மார்க் குழந்தைகளை வைத்து எம்எம்ஆருக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பில்லை என்று 2002-ல் சொன்ன ஆய்வின் 8 ஆசிரியர்களில் அவர் ஒருவர். ஆனால் குற்றச்சாட்டு பில்லைப் பற்றியது, தரவைப் பற்றியது இல்லை. வேக்ஃபீல்டுக்கு வைத்த அதே அளவுகோலை இங்கேயும் வைப்போம்: மூலப் பதிவு எங்கே? டென்மார்க்கில் பிறக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு எண். ஊசியும் நோயும் அந்த எண்ணில் அரசுப் பதிவேட்டில் ஏறும். அது தோர்சன் எழுதியது அல்ல. 1999-லிருந்து 2010 வரை பிறந்த 6,57,461 பேரை வைத்து, அவர் பெயரே இல்லாத குழு ஒன்று 2019-ல் திரும்பக் கணக்குப் போட்டது. ஊசி போட்டவர்களுக்கு ஆட்டிசம் கூடவில்லை.

இன்னொரு பெயரும் அடிக்கடி வரும்: வில்லியம் தாம்சன். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் விஞ்ஞானி. 2004-ல் தாங்கள் எழுதிய கட்டுரையில், மூன்று வயதுக்குள் ஊசி போட்ட கறுப்பினப் பையன்களுக்கு ஆட்டிசம் கூடுவதுபோல் காட்டிய ஒரு முடிவை விட்டுவிட்டோம் என்று 2014-ல் அவரே சொன்னார். விட்டிருக்கக் கூடாது என்பதுதான் என் கருத்து. போட்டு, விளக்கமும் எழுதியிருக்க வேண்டும். ஆய்வில் இருக்கும் பிள்ளைகளைச் சின்னச் சின்னக் குழுக்களாக உடைத்துக்கொண்டே போனால் ஏதாவது ஒன்றில் தற்செயலாகவே எண் துள்ளும். அது போக, ஆட்டிசம் உள்ள குழந்தையைச் சிறப்புப் பள்ளியில் சேர்க்க ஊசி கட்டாயம் என்பதால் அந்தப் பிள்ளைகளுக்கு முன்னதாகவே போட்டிருக்க வாய்ப்புண்டு. அதாவது ஊசி, நோய்க்குப் பின்னால் வந்தது. அதே தரவை வைத்துத் திரும்பக் கணக்குப் போட்டு, தொடர்பு உண்டு என்று வெளியான கட்டுரையும் சில வாரங்களில் திரும்பப் பெறப்பட்டது.

இவ்வளவையும் அந்த ராத்திரியில் குரல் பதிவாகச் சொன்னேன். "செரிங்கண்ணா" என்று மட்டும் பதில் வந்தது. அது சம்மதமா, தூக்கமா தெரியவில்லை. அதனால் காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு போனேன்.

அங்கன்வாடி வேப்பமரத்தடியில் கிராம செவிலியர் பெட்டியைத் திறந்தார். புட்டி மூடியில் வட்டத்துக்குள் இருக்கும் சதுரம் வெளிறித்தான் இருக்கிறதா என்று பார்த்தார். அது கறுத்திருந்தால் மருந்து சூடு பட்டுக் கெட்டுவிட்டது என்று பொருள். உலர்ந்த மருந்தில் திரவத்தைக் கலந்து, கலந்த நேரத்தைப் புட்டியின் மேல் பேனாவால் எழுதினார். நாலு மணி நேரம் போனால் மீதியைக் கொட்டிவிட வேண்டும். என் மருமகள் வலது கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், காதுகுத்து ஞாபகம் வந்ததோ என்னவோ, ஊசி படும் முன்பே ஆரம்பித்துவிட்டாள். செவிலியர் அட்டையில் தேதியைக் குறித்துத் தங்கையிடம் கொடுத்தார். பிறகு தன் பதிவேட்டைப் பிரித்து அதே தேதியை அங்கேயும் எழுதிக்கொண்டார்.